பழைய கணக்கிலிருந்து ஆத்தென்டிகேட்டரைப் பிரித்தெடுத்தல்

ஒரு ஜிமெயில் கணக்கைக் கைவிட்டு இன்னொன்றுக்குப் போவது என்று முடிவு செய்துவிட்டால், பெரும்பாலான சாமான்கள் சொன்ன பேச்சைக் கேட்டு வந்துவிடும். தொடர்பு எண்களை ஒரே கோப்பாக எடுத்து மறுபக்கம் ஏற்றிவிடலாம். வரும் மின்னஞ்சலுக்கு ஃபார்வர்டு போட்டுவிடலாம். படங்களைப் பகிர்ந்துவிடலாம். கடைசிவரை மாட்டிக்கொண்டு நிற்பது கூகுள் ஆத்தென்டிகேட்டர்தான், அதாவது லாகின் செய்யும்போது பாஸ்வேர்டுக்கு அடுத்துத் தளங்கள் கேட்கும் ஆறு இலக்கக் குறியெண்களைக் காட்டும் செயலி. செயலியைத் திறந்து, மேல் மூலையில் இருக்கும் வட்டத்தைத் தொட்டு, புதிய கணக்குக்கு மாறிப் பார்த்தால் பட்டியல் காலி. பதற வேண்டாம், பழைய கணக்குக்குத் திரும்பினால் எல்லாம் அங்கேயேதான் இருக்கும். ஆனால் அங்கிருந்து இங்கே தள்ளிவிட ஒரு பொத்தான் இருக்கும் என்று தேடினால், அப்படி ஒன்று கிடையாது.

இந்தத் தேவை வருபவர்கள் நான் நினைத்ததைவிட அதிகம். செயலியை முதலில் நிறுவும்போது 'கணக்கில் சைன் இன் செய்யவா' என்று கேட்கும். போனில் அப்போது எந்தக் கணக்கு முன்னால் நிற்கிறதோ அதைத் தொட்டுவிட்டுப் போய்விடுகிறோம். பலருக்கு அது அலுவலகக் கணக்காக இருக்கிறது. வேலையை விட்டு விலகும் நாளில் நிர்வாகி அந்தக் கணக்கை முடக்குவார், அதில் சேமித்திருந்த குறியெண்களின் கதி அதோடு சேர்ந்துவிடும். இன்னும் சிலருக்கு அது படிக்கும் காலத்தில் விளையாட்டாகப் பெயர் வைத்துத் தொடங்கிய, இப்போது எட்டியே பார்க்காத கணக்கு. 2 வருடம் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கும் விதியை கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. எட்டிப் பார்க்காத கணக்கில் அன்றாடம் தேவைப்படும் சாவிகளை வைத்திருப்பது நல்ல யோசனை இல்லை.

நான் மாற்றத் தொடங்கியதும், கூட வேலை பார்த்த தம்பி ஒருவன் அதே கேள்வியோடு வந்தான். அவன் வேலை மாறும் நேரம்.

"அண்ணா, கடைசி நாளுக்குள்ள இதை என் சொந்தக் கணக்குக்கு மாத்தணும். எக்ஸ்போர்ட் பண்ணிட்டா போதும்ல?"

"போதும்னா போதும். ஆனா எதை எக்ஸ்போர்ட் பண்றோம்னு தெரிஞ்சிக்கிட்டுப் பண்ணுப்பா. முதல்ல பட்டியலைக் காட்டு."

அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்லப்போகிறேன், கொஞ்சம் விரிவாக.

பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் இருப்பது ஒரு ரகசியச் சாவி மட்டுமே. ஒரு தளத்தில் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கும்போது க்யூஆர் கோடு ஒன்று காட்டுவார்களே, அதற்குள் இருப்பது அந்தச் சாவியும் தளத்தின் பெயரும் நம் பயனர் பெயரும்தான். 'கோடை ஸ்கேன் செய்ய முடியவில்லையா' என்று கீழே சின்னதாக எழுதியிருப்பதைத் தொட்டால் அதே சாவி எழுத்துகளாகத் தெரியும். ஆங்கிலத்தின் 26 பெரிய எழுத்துகளும் 2 முதல் 7 வரையிலான எண்களும் மட்டும் வரும், மொத்தம் 32 குறிகள். 0, 1, 8 ஆகியவை ஓ, ஐ, பி எழுத்துகளோடு குழம்பும் என்பதால் அவை அதில் இல்லை. அதனால்தான் அந்தச் சாவியைக் கையால் எழுதிக்கூடத் தட்டச்சு செய்ய முடிகிறது.

அந்தச் சாவியிலிருந்து ஆறு இலக்கம் எப்படி வருகிறது என்பது ரகசியமே இல்லை. 2005 டிசம்பரில் வெளியான ஆர்எஃப்சி 4226, 2011 மே மாதம் வெளியான ஆர்எஃப்சி 6238 என்று இரண்டு பொது இணைய ஆவணங்களில் முழுக் கணக்கும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் படித்து, ஒரு மாலை நேரத்தில் நிரல் எழுதிவிடலாம். 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து, உலக நேரப்படி, எத்தனை விநாடி ஓடியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அதை 30ஆல் வகுத்து ஈவை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். இப்போது அந்த எண் 6 கோடியை நெருங்கிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு 30 விநாடிக்கும் ஒன்று கூடும். இந்த எண்ணையும் சாவியையும் எச்மேக் என்ற கலவைக்குள் போட்டால் 20 பைட் வெளியே வரும். கடைசி பைட்டின் பின்பாதி, அந்த 20இல் எந்த இடத்திலிருந்து எடுக்க வேண்டும் என்று சொல்லும். அங்கிருந்து 4 பைட் எடுத்து, முதல் பிட்டை மட்டும் நீக்கி, அதை ஓர் எண்ணாகப் படித்து, 10 லட்சத்தால் வகுத்தால் கிடைக்கும் மீதிதான் திரையில் நாம் பார்ப்பது.

சரிபார்த்துக்கொள்ள ஆவணத்திலேயே ஓர் உதாரணச் சாவி கொடுத்திருக்கிறார்கள்: ஒன்றிலிருந்து பூஜ்யம் வரை பத்து இலக்கங்கள், அப்புறம் மறுபடி அதே பத்து. அந்தச் சாவிக்கு 1970 தொடங்கி 59ஆவது விநாடியில் என்ன வரும் என்று பார்ப்போம். 59ஐ 30ஆல் வகுத்தால் ஈவு 1. கலவையிலிருந்து கிடைக்கும் எண் 1094287082. கடைசி ஆறு இலக்கம் 287082. எந்தச் செயலியில் போட்டாலும், எந்த நாட்டில் உட்கார்ந்து போட்டாலும், இதுதான் வரும்.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கணக்கில் கூகுள் கணக்கு எங்கே வருகிறது என்று தேடிப் பாருங்கள். எங்கேயும் இல்லை. போனின் எண் இல்லை, செயலியின் பெயர் இல்லை, மின்னஞ்சல் முகவரி இல்லை. பட்டியலில் வரிக்கு மேலே தெரியும் தளத்தின் பெயரும் பயனர் பெயரும் நம் வசதிக்காக ஒட்டிய சீட்டுகள். அவற்றை மாற்றி எழுதினாலும் எண் மாறாது. நாம் எந்தச் செயலி வைத்திருக்கிறோம், அதை எந்தக் கணக்கோடு இணைத்திருக்கிறோம் என்பது அந்தத் தளத்துக்குத் தெரியவும் தெரியாது.

ஆகவே குறியெண்களை வேறு கணக்குக்கு 'மாற்றுகிறோம்' என்று நாம் சொன்னாலும், உண்மையில் நடப்பது நகல் எடுப்பது. எக்ஸ்போர்ட் முடிந்த பிறகு பழைய கணக்கிலும் புதிய கணக்கிலும் ஒரே சாவி உட்கார்ந்திருக்கும். தம்பியின் போனையும் அவன் கொண்டுவந்த டேப்லெட்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இரண்டிலும் ஒரே ஆறு எண். சின்ன வட்டம் கரைந்து முடியும் அதே நொடியில் இரண்டும் ஒன்றாக மாறின.

"இப்ப பழைய கணக்குல டெலீட் பண்ணிட்டா சரியாயிடும்தானே?" என்றான்.

பழைய கணக்கில் நீக்கினால் அந்த நகல் போகும், அவ்வளவுதான். அதற்குமுன் வேறு யாராவது ஒரு நகல் எடுத்திருந்தால் அது இயங்கிக்கொண்டே இருக்கும். தளம் சாவியை மாற்றும்வரை பழைய சாவிக்குச் சாவே கிடையாது. வாடகை வீட்டுக்குக் குடிபோகும்போது முன்னால் இருந்தவர் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்பதற்கும், பூட்டையே மாற்றிவிட்டோம் என்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. முதலாவது எக்ஸ்போர்ட். இரண்டாவது, அந்தத் தளத்துக்குப் போய் இரட்டைச் சரிபார்ப்பைப் புதிதாக அமைத்துக்கொள்வது.

எல்லாவற்றுக்கும் பூட்டு மாற்ற வேண்டுமா? வேண்டாம் என்பது என் கட்சி. பட்டியல் நீளமாக இருந்தால் பாதியில் சலித்துப்போய் அரைகுறையாக நின்றுவிடுவோம், அது இன்னும் ஆபத்து. எதை நகலெடுக்கலாம், எதைப் புதிதாக அமைக்க வேண்டும் என்று பிரித்துக்கொள்வதுதான் இந்த வேலையில் மூளைக்கு வேலை. மின்னஞ்சல், பணம் புழங்கும் இடங்கள், பாஸ்வேர்டு மேனேஜர், டொமைன் பெயர் பதிந்திருக்கும் இடம், சர்வர் வாடகைக்கு எடுத்த இடம், நிரல் வைத்திருக்கும் கிட்ஹப் போன்றவை — இவற்றைப் புதிதாகவே அமைத்தேன். ஒரு விவாத மன்றம், எப்போதோ பதிந்த விளையாட்டுத் தளம், செய்திமடல் அனுப்பும் சேவை இதெல்லாம் நகலே போதும்.

பழைய கணக்கு எப்படிப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். உங்கள் கையிலேயே இருக்கும், நாளைக்கே மூடப்போகும் சொந்தக் கணக்கு என்றால் நகல் பெரிய பிரச்சினை இல்லை. அலுவலகக் கணக்கு என்றால் கதை வேறு. அந்தக் கணக்கின் மீது இன்னொருவருக்கு அதிகாரம் இருக்கிறது. யாரும் கெட்ட எண்ணத்தோடு இருக்கிறார்கள் என்று சொல்லவில்லை. நாளை யார் கைக்குப் போகும் என்று நமக்குத் தெரியாத ஓரிடத்தில் நம் சாவி இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இதைச் சும்மா பயமுறுத்தச் சொல்லவில்லை. கூகுள் ஆத்தென்டிகேட்டர் 2010இல் வந்தது. பத்து வருடம் போல, குறியெண்கள் அந்தப் போனிலேயே கிடந்தன. போன் தொலைந்தால் குறியெண்களும் தொலைந்தன. 2020இல்தான் க்யூஆர் கோடு வழியாக இன்னொரு போனுக்கு எடுத்துக்கொள்ளும் வசதி வந்தது. 2023 ஏப்ரலில் கூகுள் கணக்கோடு ஒத்திசைக்கும் வசதி வந்தபோது பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள், நானும்தான். வந்த சில நாட்களிலேயே பாதுகாப்பு ஆய்வாளர்கள் ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார்கள்: ஒத்திசைவு முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்பட்டதாக இல்லை. அதாவது, சாவிகளைத் திறக்க நம்மிடம் மட்டும் இருக்கும் தனிப் பாஸ்வேர்டு எதுவும் இல்லை, கூகுள் கணக்குக்குள் நுழைந்தவருக்குச் சாவிகளும் கிடைக்கும்.

அதே வருடம் ஆகஸ்டில் ரீடூல் என்ற மென்பொருள் நிறுவனத்தில் அது நடந்தது. ஊழியர் ஒருவருக்கு வந்த குறுஞ்செய்தியில் தொடங்கி, தொழில்நுட்பப் பிரிவிலிருந்து பேசுவதாகச் சொன்ன தொலைபேசி அழைப்பில் ஒரு குறியெண்ணைக் கொடுக்கும்வரை போய், கடைசியில் அவருடைய கூகுள் கணக்கு தாக்கியவர் கையில் சிக்கியது. கூகுள் கணக்கோடு ஒத்திசைத்திருந்த குறியெண்கள் எல்லாம் சேர்ந்தே போயின. 27 வாடிக்கையாளர் கணக்குகளில் புகுந்துவிட்டார்கள். அந்த நிறுவனமே செப்டம்பரில் இதை வெளிப்படையாக எழுதியது. தனித்தனிப் பூட்டுகள் என்று நினைத்திருந்தவை ஒரே கணக்குக்குள் அடங்கியிருந்தன என்பதுதான் அவர்களுடைய முக்கியப் புகார்.

இதைப் படித்துவிட்டு ஒத்திசைவே வேண்டாம் என்று அணைத்தவர்கள் உண்டு. செயலியைக் கணக்கே இல்லாமலும் பயன்படுத்தலாம். என் அனுபவத்தில், குறியெண் திருடு போனவர்களைவிட போன் தொலைந்து குறியெண் இல்லாமல் தவித்தவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் ஒத்திசைவை வைத்துக்கொள்வேன், ஆனால் எந்தக் கணக்கில் என்பதை யோசித்து வைப்பேன்.

இனி கை வேலை. செயலியின் மெனுவில் 'டிரான்ஸ்ஃபர்' என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும். அதில் எக்ஸ்போர்ட், இம்போர்ட் என இரண்டு. எக்ஸ்போர்ட்டைத் தொட்டால் எந்தெந்த வரிகள் வேண்டும் என்று டிக் போடச் சொல்லும், போட்டதும் க்யூஆர் கோடு காட்டும். ஒரு கோடில் 10 வரிவரை அடங்கும், அதற்கு மேல் இருந்தால் அடுத்தடுத்த கோடுகளாகப் பிரித்துக் காட்டும். அதை மறுபக்கம் ஸ்கேன் செய்ய வேண்டும்.

மறுபக்கம் என்று சொன்னேனே, சிக்கல் அங்கேதான். நம் விஷயத்தில் பழைய கணக்கும் புதிய கணக்கும் ஒரே போனில் இருக்கின்றன. ஒரு போன் தன் திரையையே தன் கேமராவால் பார்க்க முடியாது. ஸ்கிரீன்ஷாட் எடுக்கலாம் என்றால் ஆண்ட்ராய்டில் அந்தத் திரைக்கு அனுமதி இல்லை. உடனே எல்லோருக்கும் தோன்றும் யோசனை, இன்னொரு போனால் அந்தத் திரையைப் படம் எடுத்து, அந்தப் படத்தைக் காட்டி ஸ்கேன் செய்துவிடலாம் என்பது. வேலை நடக்கும். ஆனால் அந்தக் கோடில் உங்கள் சாவிகள் எந்த மறையாக்கமும் இல்லாமல் அப்படியே கிடக்கின்றன. அதற்குக் காலாவதியும் கிடையாது. அடுத்த வருடம் ஸ்கேன் செய்தாலும் வேலை செய்யும். எடுத்த படம் அடுத்த நிமிடமே தானாகப் படச் சேமிப்புக்கு மேலேறியிருக்கும், அங்கிருந்து நீக்கினால் குப்பைத் தொட்டியில் இருக்கும். பகிர்ந்து பார்க்கும் குடும்ப ஆல்பத்தில் போய் உட்கார்ந்தாலும் ஆச்சரியமில்லை. சாவிக்கொத்தைப் படம் எடுத்துவைக்கும் இந்த வழியை நான் யாருக்கும் சொல்வதில்லை.

நல்ல வழி, இன்னொரு கருவியைக் கொஞ்ச நேரத்துக்கு வாங்கிக்கொள்வது. பழைய டேப்லெட் இருந்தால் அதுவே போதும். அதில் செயலியை நிறுவி, புதிய கணக்கில் சைன் இன் செய்து, இம்போர்ட்டைத் திறந்து, நம் போனில் பழைய கணக்கு காட்டும் எக்ஸ்போர்ட் கோடை அதன் கேமராவுக்குக் காட்ட வேண்டும். வரிகள் டேப்லெட்டுக்கு வந்ததும் புதிய கணக்கோடு ஒத்திசைந்துவிடும். அப்புறம் நம் போனிலேயே செயலியில் புதிய கணக்குக்கு மாறினால், முன்பு காலியாக இருந்த பட்டியல் நிறைந்திருக்கும். எக்ஸ்போர்ட் முடிந்ததும் பழைய பக்கத்தில் 'எடுத்த வரிகளை வைத்துக்கொள்ளவா, நீக்கவா' என்று கேட்கும். வைத்துக்கொள் என்றே சொல்லுங்கள். நீக்க வேண்டிய நேரம் இன்னும் வரவில்லை.

டேப்லெட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. அடுத்தவர் டேப்லெட்டில் நம் குறியெண்கள் கிடக்கக் கூடாதே என்று ஒவ்வொரு வரியாக அழுத்தி நீக்கத் தோன்றும். செய்யாதீர்கள். ஒத்திசைவு இயங்கும்போது ஓரிடத்தில் நீக்கினால் எல்லா இடத்திலும் நீங்கும். வரிகளைத் தொடாமல், டேப்லெட்டின் அமைப்புகளுக்குப் போய் உங்கள் கணக்கை அங்கிருந்து அகற்றுங்கள், செயலியையும் அகற்றுங்கள். தம்பி முதல் வரியில் விரலை வைத்துவிட்டான், "கையை எடுடா" என்று சத்தம் போட வேண்டியதாகிவிட்டது.

டிக் போடும் நேரத்தில் பட்டியலையும் கொஞ்சம் ஒழுங்கு செய்துகொள்ளலாம். வருடக்கணக்கில் சேர்ந்த பட்டியலில் ஒரே பெயரில் இரண்டு வரி இருக்கும், பெயரே இல்லாமல் ஒரு வரி இருக்கும், மூடிப்போன சேவைக்கு ஒரு வரி இருக்கும். ஒரே பெயரில் இரண்டு இருந்தால் எது உயிரோடு இருப்பது என்று தளத்தில் நுழைந்து பார்த்தால்தான் தெரியும். சந்தேகமாக இருந்தால் இரண்டையுமே எடுத்துக்கொண்டு போய்விடுவேன். இடத்தை அடைக்கும், வேறு கெடுதல் இல்லை.

புதிதாக அமைக்க வேண்டியவற்றில் வேலை கொஞ்சம் மெதுவாகத்தான் நடக்கும். தளத்துக்குத் தளம் முறை வேறு. சில தளங்கள் 'ஆத்தென்டிகேட்டரை மாற்று' என்று நேராகக் கேட்டு, புதிய கோடைக் காட்டி, புதிய எண்ணைப் போட்ட பிறகே பழையதை நீக்கும். இதுதான் ஒழுங்கான முறை. வேறு சில தளங்களில் இரட்டைச் சரிபார்ப்பை முழுக்க அணைத்துவிட்டு மறுபடி இயக்க வேண்டும். அந்தச் சில நிமிடம் கணக்கு வெறும் பாஸ்வேர்டில் நிற்கும். உட்கார்ந்த இடத்தில் ஒரே மூச்சில் முடித்துவிட வேண்டும், பாதியில் போன் வந்தது என்று எழுந்து போகக் கூடாது.

தொடங்குமுன் பழைய வரியின் பெயரில் 'பழையது' என்று சேர்த்துவிடுவது என் வழக்கம். இல்லையென்றால் புதிய கோடை ஸ்கேன் செய்ததும் பட்டியலில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டு வரி நிற்கும், ஒரே பெயர், ஒரே மின்னஞ்சல், வேறு வேறு எண். புதியதைப் போட்டுத் தளம் ஏற்றுக்கொண்டதும், ஒரு தனி உலாவிச் சாளரத்தைத் திறந்து முதலிலிருந்து லாகின் செய்து பார்ப்பேன். ஏற்கெனவே லாகின் ஆகியிருக்கும் உலாவியில் சோதித்தால் எதுவும் தெரியாது. பல தளங்கள் தெரிந்த கருவியில் மாதக்கணக்கில் குறியெண்ணே கேட்பதில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று நாம் நம்பிக்கொண்டிருப்போம், புதுக் கணினி வாங்கும் நாளில்தான் உண்மை தெரியும். தனிச் சாளரத்தில் ஒருமுறை நுழைந்துவிட்டால் 'பழையது' என்ற வரியைத் தைரியமாக நீக்கலாம்.

புதிதாக அமைக்கும்போது, ஆத்தென்டிகேட்டர் கையில் இல்லாத நாளில் நுழைவதற்கான மீட்புக் குறியெண்களையும் பல தளங்கள் புதிதாகக் கொடுக்கும், அப்படிக் கொடுத்தால் கையில் இருக்கும் பழைய தாள் வெறும் தாள். கூகுள் கொடுப்பது 8 இலக்கத்தில் 10 எண்கள், ஒவ்வொன்றும் ஒரே முறைக்கு. புதிய தொகுதி கேட்டால் பழையது செல்லாது. கிட்ஹப் 16 கொடுக்கிறது. இவற்றைத் தாளில் அச்செடுத்து வைப்பதைப் பழைய பஞ்சாங்கம் என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இவற்றை ஆத்தென்டிகேட்டர் இருக்கும் அதே போனில் ஸ்கிரீன்ஷாட்டாக வைத்திருந்தால், போன் தொலையும்போது இரண்டும் சேர்ந்தே தொலையும்.

இதிலேயே ஒரு சுழல் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. புதிய கூகுள் கணக்குக்கும் இரட்டைச் சரிபார்ப்பு உண்டு. அதன் குறியெண்ணும் அந்தக் கணக்கோடு ஒத்திசைந்த ஆத்தென்டிகேட்டரிலேயே இருக்கும். இருக்கும் ஒரே போன் தண்ணீரில் விழுந்தால், கணக்கைத் திறக்கக் குறியெண் வேண்டும், குறியெண்ணை எடுக்கக் கணக்கைத் திறக்க வேண்டும். இந்தச் சுழலை வெட்ட ஆத்தென்டிகேட்டருக்கு வெளியே ஏதாவது ஒன்று கட்டாயம் வேண்டும்: மேலே சொன்ன தாள், அல்லது யூஎஸ்பி பாதுகாப்புச் சாவி, அல்லது இன்னொரு கருவியில் பாஸ்கீ (பாஸ்வேர்டு இல்லாமல் கருவியின் பூட்டைத் திறந்தே நுழையும் முறை). பட்டியலை ஒரு கணக்குக்கு நகலெடுப்பதற்கு முன்பே அந்தக் கணக்கில் இதைச் செய்து முடித்துவிடுவது நல்லது.

இதுவரை சொன்னது கூகுள் செயலிக்கு. மற்றவை ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. ஆத்தி (Authy) என்ற செயலியில் எக்ஸ்போர்ட்டே கிடையாது. அங்கே கணக்கு என்பது தொலைபேசி எண்ணோடு கட்டியது, வேறு செயலிக்குப் போக வேண்டுமானால் ஒவ்வொரு தளத்திலும் புதிதாக அமைக்கத்தான் வேண்டும். அதன் கணினிப் பதிப்புகளையும் 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். மைக்ரோசாஃப்ட் ஆத்தென்டிகேட்டரின் பேக்கப்பை ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கோ அங்கிருந்து இங்கேயோ கொண்டுபோக முடியாது. அதோடு அலுவலகக் கணக்குகளுக்கு 'நீங்கள்தானா' என்று போனில் எட்டிப் பார்க்கும் அந்த அறிவிப்பு முறை ஆறு இலக்கச் சாவி அல்ல, புதுக் கருவியில் மறுபடி பதிந்தே ஆக வேண்டும். கணினி விளையாட்டுகள் விற்கும் ஸ்டீம் தனக்கென்று ஐந்தெழுத்துக் குறி வைத்திருக்கிறது, அதைத் தன் செயலிக்குள்ளேயே பார்த்துக்கொள்ளச் சொல்கிறது.

ஏஜிஸ், என்டே ஆத் போன்ற திறந்த மூலச் செயலிகள் இந்த விஷயத்தில் தாராளம். கூகுளின் எக்ஸ்போர்ட் கோடையே இவை படித்துக்கொள்ளும், சாவிகளைப் பாஸ்வேர்டு போட்ட கோப்பாகவும் வெளியே தரும். என்டேயில் ஒத்திசைவும் உண்டு, அது முனைக்கு முனை மறையாக்கத்தோடு. அப்படியானால் நான் ஏன் இன்னும் கூகுள் செயலியில் இருக்கிறேன் என்று கேட்கலாம். என் போனை எடுத்து வீட்டில் உள்ளவர்களும் அவசரத்துக்குப் பயன்படுத்த வேண்டியிருக்கிறது, அவர்களுக்கு இது பழக்கம். மற்றபடி ஏஜிஸில் ஒரு பிரதி வைத்திருக்கிறேன், வீட்டை விட்டு வெளியே வராத பழைய போனில்.

நகலெடுத்த பிறகு எண்ணைத் தளம் ஏற்கவில்லை என்று சிலர் சொல்வதுண்டு. பெரும்பாலும் குற்றவாளி கடிகாரம். கணக்கு முழுக்க நேரத்தை வைத்துத்தான் என்பதால், போனின் கடிகாரம் ஒரு நிமிடத்துக்கு மேல் தள்ளிப்போனாலே எண் ஒத்துப்போகாது. கொஞ்சம் முன்பின் இருந்தால் ஏற்கும்படி, பக்கத்து 30 விநாடி எண்ணையும் தளங்கள் பொதுவாக ஒப்புக்கொள்ளும். அதற்கு மேல் கிடையாது. நேர மண்டலத்தை மாற்றுவதால் ஒன்றும் ஆகாது, கணக்கு உலக நேரத்தில் நடக்கிறது. விளையாட்டில் பரிசு சீக்கிரம் கிடைக்கட்டும் என்று பிள்ளைகள் கடிகாரத்தைக் கையால் நகர்த்தி வைத்திருப்பார்கள், அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நேரத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும்படி வைத்தால் சரியாகிவிடும்.

தம்பியின் பட்டியலை ஒரே மாலையில் முடித்தோம். அதில் பாதிக்கு மேல் அலுவலகத்துக்கே சொந்தமான கணக்குகள், அவற்றை எடுத்துக்கொண்டு போகவே கூடாது என்பதால் டிக் போடாமல் விட்டோம். அவற்றை அலுவலகத்தில் பொறுப்பேற்பவர் தன் பெயரில் புதிதாக அமைத்துக்கொண்டார். என் பட்டியலில் ஒரு சேவை மட்டும் அடம்பிடிக்கிறது. இரட்டைச் சரிபார்ப்பை மாற்ற அமைப்புகளில் இடமே வைக்கவில்லை, உதவிக்குழுவுக்கு எழுதித்தான் அணைக்க வேண்டுமாம். பழைய முகவரியிலிருந்து எழுதியதற்கு, 'பதிவு செய்த முகவரியிலிருந்து எழுதவும்' என்று பதில் வந்தது. அதுதான் பதிவு செய்த முகவரி என்று மறுபடி எழுதியிருக்கிறேன். அதுவரை அந்த ஒரு வரி இரண்டு கணக்கிலும் ஓடட்டும்.